பெயர் வாசித்த ஆன்ட்டி

மே மாதம் பிறந்ததும் எங்கள் சபையார் வீடுகளில் டெலிபோன் அடிக்கத் தொடங்கும். எடுத்தால் நலம் விசாரிப்பெல்லாம் இருக்காது. நேரே கேள்விதான்.

“உங்க வீட்டுல இந்த வருஷம் யாரு என்ன முடிச்சிருக்கீங்க?”

ஆன்ட்டியின் குரல் அது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை நாங்கள் ஒரு காலத்தில் வாய்க்கு வந்தபடி பேசியது போதும். எங்களுக்கு அவர் வெறும் ஆன்ட்டிதான். மற்ற ஆன்ட்டிகளைத்தான் பெயர் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் ஓர் அமெரிக்கச் சபையின் பக்கத்து ஹாலை வாடகைக்கு எடுத்து, ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தமிழ் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தோம். திருநெல்வேலி, நாகர்கோவில், சென்னை என்று கலந்து முப்பது, நாற்பது குடும்பங்கள். ஜூனில் ஒரு ஞாயிறு, பட்டதாரிகள் ஞாயிறு. அமெரிக்கர்களைப் பார்த்து நாங்களும் பிடித்துக்கொண்ட பழக்கம். ஹைஸ்கூலும் காலேஜும் முடித்த பிள்ளைகள் அங்கியும் தொப்பியுமாக முன்வரிசையில் உட்காருவார்கள். பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஆளுக்கொரு பேனா கொடுப்போம். ஆன்ட்டி மஞ்சள் தாளில் எழுதிய பெயர்களை மைக்கில் வாசிப்பார். பருத்திச் சேலை, மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் வெள்ளை ஷூ. வாரநாட்களில் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்ப்யூட்டர் போர்டுகளில் பற்றவைக்கும் வேலை செய்தவர். அதனாலோ என்னவோ, பெயர் வாசிக்கும்போதும் ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் இடத்தில் வைத்துத்தான் வாசிப்பார்.

ஹைஸ்கூல், காலேஜோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் புகார் இருந்திருக்காது. அவர் நிறுத்தமாட்டார். கிண்டர்கார்டன் முடித்த குழந்தைகள் வரும். அடல்ட் ஸ்கூலில் இங்கிலீஷ் வகுப்பு முடித்த அம்மாக்கள் வருவார்கள். நர்ஸ் பரீட்சையை நாலாவது தடவையில் பாஸ் பண்ணினவரும் வருவார். தன் மகளுக்குப் பெரிய யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்த வருஷம் சபைச் செயலாளர் பொறுமையிழந்து கேட்டார். “ஆன்ட்டி, பட்டதாரின்னா ஒரு அர்த்தம் இருக்குல்ல?”

“முடிச்சது முடிச்சதுதான் தம்பி. யாருக்கு எது பெருசுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

அவர் படிப்பை முடிக்காதவர், அந்த ஏக்கத்தில்தான் இப்படிச் செய்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. நானே ஒருநாள் கேட்டுவிட்டேன். “நான் பி.ஏ. எக்கனாமிக்ஸ். ஏக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று சிரித்தார்.

நான் அமெரிக்கா வந்த முதல் வருஷம் டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயில் ஆனேன். நான்காம் முறை பாஸ். அந்த ஜூனில், எம்.எஸ். முடித்த ஒரு பையனுக்கு அடுத்தபடியாக என் பெயரை வாசித்தார். “நாலு தடவை போயி கலிஃபோர்னியா லைசென்ஸ் வாங்கியிருக்காங்க.” ஹாலே சிரித்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எரிச்சலோடுதான் எழுந்து போனேன். பேனாவை வாங்கும்போது ஏனோ கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் அதுவரை யாரும் என் பெயரை முழுசாக உச்சரித்ததில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஆன்ட்டியைச் சர்ச்சுக்கு அழைத்துப் போவது என் வேலையாயிற்று. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு பிலிப்பினோ குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் ஃப்ரீவேயில் ஏறும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். “ஏறிட்டியா? தொறக்கலாமா?” என்பார்.

இன்னொரு சம்பவமும் சொல்லவேண்டும். சபையில் ஒரு பெண்ணுக்கு விவாகரத்து ஆயிற்று. அவள் பெயரை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷம் பட்டதாரிகள் ஞாயிறு முடிந்து கார் பார்க்கிங்கில் ஆன்ட்டிக்காகக் காத்திருந்தேன். அந்தப் பெண்ணின் கார் கண்ணாடியைத் தட்டி, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து என் காரில் ஏறினார். என்ன என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து அவளும் ஒண்ண முடிச்சிருக்கால்லா. மைக்குல சொல்ற காரியம் இல்ல. அதான்.”

எதை மைக்கில் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வருஷம், என் மாமியார் இறந்ததற்குப் பிறகு, மாமா இந்தியாவிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர். வாரம் தவறாமல் சர்ச்சுக்கு வருவார். கிறிஸ்துமஸ் கழிந்து இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். சட்டை தொளதொளவென்று ஆயிற்று. எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

கவுண்டி சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். ஆறு மாதம் மாத்திரை. தினமும் அவள் கண் முன்னால் விழுங்கவேண்டும். சளியில் கிருமி இல்லை என்று தெரியும்வரை வெளியே போகக்கூடாது. இதுவரை எங்கெல்லாம் போனார் என்று கேட்டாள். சர்ச் ஒன்றுதான் என்றோம். சபைக்குச் சொல்லுவோம், ஆனால் யாருக்கு நோய் என்று சொல்லமாட்டோம், அது சட்டம் என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு என் கணவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“வெளிய தெரியவேண்டாம்” என்றார் அவள் போனதும். “கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. நம்ம பாப்பாவோட டேகேர்ல தெரிஞ்சா அவள நிறுத்திருவாங்க. நம்ம ஜனங்களப் பத்தி உனக்குத் தெரியும்.”

“மாமா எங்கன்னு கேட்டா?”

“நியூஜெர்சில அக்கா வீட்டுக்குப் போயிருக்கார்னு சொல்லு.”

சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வாரமே பாஸ்டருக்கு நர்ஸின் போன் போயிற்று. ஆராதனைக்கு வரும் ஒருவருக்குக் காசநோய், எல்லோரும் சோதனை செய்துகொள்ளவேண்டும். அதே ஹாலில்தான் காலையில் அமெரிக்கச் சபையின் சண்டே ஸ்கூல் நடக்கும். எல்லோருக்கும் சோதனை முடியும்வரை ஹால் கிடையாது என்று அவர்கள் மரியாதையாகக் கடிதம் எழுதினார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்.

சோதனையென்று கையில் ஊசி போட்டார்கள். சின்ன வயதில் ஊரில் தடுப்பூசி போட்டவர்கள் பலருக்கு அந்த இடம் சிவந்து வீங்கிற்று. வீங்கியவர்களெல்லாம் எக்ஸ்ரேக்குப் போகவேண்டியதாயிற்று. ஒருவர் கையை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். பாஸ்டர் தன் வீட்டுச் சமையலறையில் பிரசங்கத்தைக் கேசட்டில் பதிவு செய்து தபாலில் அனுப்பினார். நடுவில் குக்கர் விசில் கேட்கும். நாலைந்து குடும்பங்களாகப் பிரிந்து, சோதனை முடிந்தவர்கள் வீட்டில் கூடி ஜெபித்தோம். எங்கள் குழு மெர்சி என்ற தோழியின் வீட்டில் கூடியது.

அந்த மெர்சிதான் போன் பண்ணினாள்.

“யாரா இருக்கும்னு நினைக்கிற? ஆன்ட்டிதானே கிறிஸ்மஸ்லருந்து இருமிட்டே இருக்காங்க?”

ஆன்ட்டியும் இருமிக்கொண்டுதான் இருந்தார். வறட்டு இருமல். காரில் வரும்போது நானே சுக்கு போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த அறையில் மாமா இருமுவது எனக்குக் கேட்டது. போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். பிறகு கையை எடுத்துச் சொன்னேன்.

“ஆமா, இருமுறாங்க.”

நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் சபை முழுக்க அது ஆன்ட்டியின் நோய் ஆகிவிட்டது. ‘அவங்க கூட கார்ல போறவளே சொல்றா’ என்று என்னையே சாட்சியாக வைத்திருக்கிறார்கள்.

மெர்சி வீட்டு ஜெபத்துக்கு ஆன்ட்டியை அழைத்து வரவேண்டாம் என்றார்கள். அவரிடம் அதை எப்படிச் சொல்வது? சனிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவார். “நாளைக்கு ஜெபம் உண்டாம்மா?”

“இந்த வாரம் இல்ல ஆன்ட்டி.”

வாரா வாரம் அதையே சொன்னேன். பிறகு சொல்லக் கூசி, ஆன்ஸரிங் மெஷின் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்திலேயே நின்று கேட்பேன். “நான்தாம்மா. நாளைக்கு உண்டான்னு கேக்கலாம்னு...” ஓர் இருமல். பிறகு டொக்கென்று வைக்கும் சத்தம்.

ஏப்ரலில் மாமாவை மறுபடி எக்ஸ்ரேக்காகக் கவுண்டி கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். காத்திருக்கும் இடத்தில் நாற்காலி தேடும்போது, தூண் ஓரமாகச் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பார்த்தேன். அவரும் சோதனைக்கு வந்திருந்தார், பஸ் மாறி மாறி. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்தேன். மறுபடி பார்த்தபோது அவர் எங்களுக்கு முதுகு காட்டி வேறு நாற்காலியில் மாறி உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டாரா, இல்லையா? வீடு வந்து சேரும்வரை எனக்கு அது ஒன்றுதான் ஓடிற்று. அவருக்கு எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று யோசிக்கவே இல்லை.

ஜூன் வந்தது. ஹால் இன்னும் திறக்கவில்லை. பட்டதாரிகள் ஞாயிறைப் பார்க்கில் மரங்களுக்கடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. செயலாளர் எனக்குப் போன் பண்ணினார்.

“சிஸ்டர், கொஞ்சப்பேர் பயப்படுறாங்க. பிள்ளைங்க வர்ற இடம். ஆன்ட்டி இந்த வாட்டி வரவேண்டாம்னு நீங்கதான் பக்குவமா சொல்லணும். லிஸ்ட்ட மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. நீங்களே வாசிச்சிருங்க.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “சரி அண்ணா” என்றேன்.

நான் போனபோது ஆன்ட்டி வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே கூப்பிடவில்லை. நான் பயப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எப்படியோ சொல்லி முடித்தேன். ‘எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் ஆன்ட்டி’ என்றுகூடச் சொன்னேன். அவர் உள்ளே போய் மஞ்சள் தாளை எடுத்து வந்தார். யாரும் போனை எடுக்காத அந்த வருஷமும் பட்டியல் முழுசாக இருந்தது. எப்படிச் சேகரித்தாரோ.

“தமிழ்ல எழுதியிருக்கேன். நிதானமா வாசி. அவசரப்பட்டு யாரையும் விட்டுராத.”

“சரி ஆன்ட்டி.”

திரும்பினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன்.

“உங்க மாமா மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறாரா?”

கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சாப்பிடுறார்.”

“நடுவுல விட்டுறக்கூடாது. குணமான மாதிரி இருக்கும், விட்டுருவாங்க. பாத்துக்கோ.”

கதவு சத்தமில்லாமல் மூடிற்று.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் அந்தத் தாளை வாசித்தேன். ஹைஸ்கூல் முடித்த செயலாளரின் இளைய மகள் பேனாவை வாங்கிக்கொண்டு, மைக் பக்கத்திலேயே நின்று கேட்டாள். “வேர் இஸ் ஆன்ட்டி? ஷீ சேஸ் மை நேம் ரைட்.” செயலாளர் எழுந்து, “ஷீ இஸ் நாட் வெல், மா” என்றார். கூட்டத்தில் தலைகள் அசைந்தன. நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

ஜூலையில் ஹால் திறந்தது. ஆன்ட்டி ஒரே ஒரு ஞாயிறு வந்தார். பஸ்ஸில் வந்து மீதி தூரம் நடந்திருக்கிறார், முகம் வியர்த்திருந்தது. அவர் உட்கார்ந்த வரிசை கடைசிவரை நிறையவில்லை. அன்று அவர் ஒருமுறைகூட இருமவில்லை என்பதை நான் கவனித்தேன். பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வந்த இருமலாம். டாக்டர் மாத்திரையை மாற்றியதும் நின்றுவிட்டதாம். இதைப் பாஸ்டரிடம் அவர் சொல்லியிருக்கிறார். பாஸ்டரும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். நம்பத்தான் ஆளில்லை. ஆகஸ்டில் டெக்ஸாஸில் இருந்த தம்பி வீட்டுக்கே போய்விட்டார். வழியனுப்ப யாரும் போனதாகத் தெரியவில்லை. நான் போகவில்லை.

செப்டம்பரில் மாமாவின் மாத்திரை முடிந்தது. நியூஜெர்சியிலிருந்து திரும்பியவராகச் சர்ச்சுக்கு வந்தார். டீ குடிக்கும்போது மெர்சி அவரிடம் சொல்லியிருக்கிறாள். “நீங்க இல்லாதப்ப இங்க பெரிய கலாட்டா அங்கிள். அந்த ஆன்ட்டிக்கு டிபி.”

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியதும் மாமா இறங்காமல் கேட்டார்.

“அந்தம்மாவுக்கு டிபின்னு யாரு சொன்னா?”

என் கணவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மாமா கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா.”

சொன்னேன். போன், ஜெபக்குழு, பார்க், மஞ்சள் தாள் எல்லாவற்றையும். வாசலில் அவர் கேட்ட கேள்வியையும்.

“என் வியாதியக் கொண்டுபோய் ஒரு தனிப் பொம்பளை தலையில வச்சிருக்கீங்க” என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றார். வகுப்பில் பேசிப் பழகிய குரல்.

“டிபி வந்தது எனக்கு. நான் நியூஜெர்சிக்குப் போகல. இங்க வீட்டுக்குள்ளதான் இருந்தேன். அந்தம்மாவுக்கு ஒரு நோயும் இல்ல. என் பிள்ளைங்க சொல்லியிருக்கணும், சொல்லல. அதனால நான் சொல்றேன்.”

உட்கார்ந்துவிட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மெர்சி புட்டும் கடலைக்கறியும் கொண்டுவந்து, மாமா காலைத் தொட்டு அழுதாள். செயலாளர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். டேகேரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரீன் கார்டும் வந்தது. நாங்கள் எதற்கெல்லாம் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோமோ அதில் ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை. எல்லாம் அவருக்குத்தான் வந்திருந்தது.

கமிட்டி டெக்ஸாஸுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பதில் வரவில்லை. கடிதம் போதாது என்று எனக்குத் தெரியும். நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு நாள் கடத்தினேன். நாள் மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று. மாமா ஊருக்குத் திரும்பிப்போய், சில வருஷம் கழித்து மாரடைப்பில் இறந்தார். அந்தச் செய்தியைச் சொல்லும் சாக்கில்தான் ஒருவழியாக அவருக்குப் போன் பண்ணினேன்.

மாமா போனதைக் கேட்டு வருத்தப்பட்டார். என் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நான் பல நாள் ஒத்திகை பார்த்ததைச் சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் வந்தது.

“அழாதம்மா” என்றார். “கடுதாசி வந்தது. அதுல உன் கையெழுத்தும் இருந்தது. பதில் எழுதல. மன்னிச்சிட்டேன்னு எழுதணும்லா. எழுத வரல.”

“ஆன்ட்டி, கிளினிக்ல பாத்தீங்க. அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்க மாமாவ என்னைய மாதிரி ஒதுக்கி வச்சிருப்பாங்க. சம்சாரத்தப் பறிகொடுத்துட்டு வந்த மனுஷன். அவருக்காகத்தான் சொல்லல. உனக்காக இல்ல.”

அவரே தொடர்ந்தார்.

“ஒரு காரியம் சொல்றேன் கேளு. நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் ‘இந்த வாரம் இல்ல’ன்னு சொன்ன. உண்டுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழம மூணரை மணிக்கெல்லாம் சேலையக் கட்டிட்டு, ஷூவும் போட்டுட்டு, ஜன்னல்கிட்ட உக்காந்துருப்பேன். மனசு மாறி வந்துருவன்னு. ஆறு மணிவர உக்காந்துட்டு, அப்புறம் கழட்டுவேன். அதத்தான் என்னால மறக்க முடியல. மத்ததெல்லாம் போகட்டும்.”

மன்னிப்பு என்ற வார்த்தை மறுபடி என் நாக்குவரை வந்தது. கேட்க வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “இந்தா வாரேன்” என்று அவர்களுக்குச் சொன்னார். என்னிடம், “பாப்பாவ நல்லாப் படிக்கச் சொல்லு” என்றார்.

“ஆன்ட்டி, நான் மறுபடி கூப்பிடலாமா?”

யோசித்தார்.

“வேண்டாம்மா” என்று சொல்லி மெதுவாக வைத்துவிட்டார்.